தாய் டப்பா

இதற்கு முன் விடுப்பு விண்ணப்பங்களையும், தெருக்குழாய் பழுதானபோது ஒரு முறையீட்டையும் தவிர வேறெதையும் எழுதிப் பழகாத கை இது. கதை எழுதத் துணிந்தமைக்குப் பெரியோர் பொறுத்தருள வேண்டும். உணவு நம்பிக்கை வாரியத்தின் மீது இதை எழுதுபவருக்கு எள்ளளவும் காழ்ப்பு கிடையாது. வாரியத்தார் தொடக்கம் முதல் இறுதி வரை விதிப்படியே நடந்துகொண்டார்கள். இக்கதையில் விதி மீறலைத் தொடங்கியவர்கள் இருவர் மட்டுமே. அவ்விருவருக்கும் உரிய தண்டனை வழங்கப்பட்டுவிட்டது என்பதை முதலிலேயே தெரிவித்துவிடுவதுதான் முறை.

இருவரில் ஒருத்தி, நோயாளிகளுக்கான சத்துப்பொடி செய்யும் தொழிற்சாலையில் சுவை பார்ப்பவளாக இருந்தாள். வீட்டில் அவளுக்கு வழங்கிய பெயர் நாவரசி. அந்தப் பட்டத்தைச் சூட்டியவர் அவளுடைய தந்தை; முப்பத்தோரு ஆண்டுகள் பேருந்து நடத்துநராக இருந்து, தொண்டையால் பிழைத்து, தொண்டை கட்டிய பிறகு ஓய்வு பெற்றவர். மனைவி இறந்தபோது மகளுக்கு நான்கு வயது. அன்று முதல் அவ்வீட்டில் சமைத்தவர் அவர். குறை சொன்னவள் அவள். குடத்துத் தண்ணீர் நேற்றையதா இன்றையதா என்பதை முதல் வாயிலேயே சொல்லிவிடுவாள். அவள் வாசலில் நிற்பதைக் கண்டால் பால்காரர் அடுத்த தெரு வழியாகப் போவார்.

“செக்கிங் இன்ஸ்பெக்டரை எல்லாம் முப்பது வருஷம் சமாளிச்சேன், வீட்டுல ஒருத்தி பொறந்துட்டா பாருங்க” என்று தந்தை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்படுவார்.

அத்தகைய நாக்கு வீணாகலாகாது என்றுதான் அவள் சுவைக்கூடத்தில் சேர்ந்தாள். அங்கே ஒன்பது அறைகள். அறை என்பது மரியாதைக்குச் சொல்வது. கையை விரித்தால் இரு சுவரும் தட்டும். நிறத்தைக் கண்டு நாக்கு ஏமாறாதிருக்கச் சிவப்பு விளக்கு எரியும். எதிரே ஒரு சிறு சன்னல். அதன் வழியே ஒரு கை வந்து மூன்று கிண்ணங்களை வைத்துவிட்டுப் போகும். வேலைக்கு வரும் நாளில் வாசனைச் சோப்புப் போடலாகாது, வெங்காயம் தின்னலாகாது, அழுதுவிட்டு வரலாகாது. கண்ணீரின் உப்பு அரை மணி நேரம் நாக்கில் தங்கும் என்று ஒரு சுற்றறிக்கை கதவில் ஒட்டப்பட்டிருந்தது.

சோதனை எளிமையானது. மூன்று கிண்ணங்களில் இரண்டு, அளவுகோலாகப் பூட்டி வைத்திருக்கும் டப்பாவிலிருந்து கரைத்தவை. ஒன்று அன்றைக்குத் தயாரான தொகுதியிலிருந்து கரைத்தது. எது எதுவென்று சுவைப்பவருக்குத் தெரியாது. வேறாக இருக்கும் கிண்ணத்தின் எண்ணைத் தாளில் குறிக்க வேண்டும். தெரியாவிட்டால் ‘வேறுபாடு இல்லை’ என்னும் கட்டத்தில் ஒரு கோடு இட வேண்டும். ஒன்பதில் ஆறு பேர் வேறுபாடு இல்லை என்றால் தொகுதி தேறியது. வாரியத்தின் முத்திரை பெற்று மருத்துவமனைகளுக்குப் போகலாம். ஆக, வேறுபாட்டைக் கண்டுபிடிப்பதற்காகவே சம்பளம். கண்டுபிடிக்காதிருப்பவரே நல்ல ஊழியர். இந்த நுட்பம் நாவரசிக்குப் பிடிபடச் சில ஆண்டுகள் ஆயின.

அளவுகோலாக இருந்த டப்பாவுக்குத் தாய் டப்பா என்று பெயர். கண்ணாடி அலமாரியில், தனிப் பூட்டில், அது வீற்றிருக்கும். ‘தாயைப் போலப் பிள்ளை’ என்று அலமாரியின் மேல் எழுதி மாட்டியிருந்தார்கள். நூலையும் சேலையையும் இடமில்லை என்று விட்டுவிட்டார்கள்.

ஆனால் திறந்த டப்பாவில் பொடி ஒரு மாதத்துக்குமேல் தாங்காது. ஆகவே மாதத்தின் முதல் நாளன்று, சுவை அதிகாரி கையுறை அணிந்து, பழைய தாயை வெளியே எடுத்து, சென்ற மாதம் கடைசியாகத் தேறிய தொகுதியிலிருந்து ஒரு டப்பாவை உள்ளே வைத்துப் பூட்டுவார். ஒன்பது பேரும் எழுந்து நிற்பார்கள். பிறகு எல்லோருக்கும் தேநீர் உண்டு. சோதனை முடிந்த பிறகு.

சேர்ந்த புதிதில் நாவரசி ஒருமுறை பணிவாகக் கேட்டாள். “சார், பிள்ளையை எடுத்து அம்மான்னு வெக்கிறோமே, அப்ப பிள்ளை கொஞ்சம் மாறியிருந்தா?”

“பிள்ளை மாறலைன்னு நீங்கதானேம்மா கையெழுத்து போட்டீங்க.”

“ஒன்பது பேர்ல ஆறு பேர் சார்.”

“அதைத்தான் நாங்க ஒன்பதுன்னு சொல்றது” என்றார் சுவை அதிகாரி.

பத்தாம் ஆண்டு முடியும் தறுவாயில் ஒரு நாள் காலை, நடுக் கிண்ணத்தில் ஏதோ தட்டுப்பட்டது. சோப்பு நுரை போல முதலில் ஒரு வழுக்கல். விழுங்கிய பிறகு அடிநாக்கில் ஒரு மெல்லிய கசப்பு. அவள் எண்ணைக் குறித்தாள். மற்ற எட்டுப் பேருக்கும் எதுவும் தெரியவில்லை. தொகுதி தேறியது. அடுத்த மாதத்தின் முதல் நாளன்று அதேபோன்ற ஒரு தொகுதி தாயாகி அலமாரியில் ஏறியது.

மறுநாள் அவள் மூன்று கிண்ணங்களையும் குடித்துவிட்டு, பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அமர்ந்திருந்தாள். மூன்றும் கசந்தன. எது வேறு என்று தாள் கேட்டது. எதுவும் வேறில்லை. அந்தத் தாளில் அதற்கு ஒரு கட்டம் இல்லை. ஆகவே ஓரத்தில், குண்டு குண்டாக, ‘மூன்றும் கசக்கின்றன’ என்று எழுதி, கீழே கையெழுத்தும் இட்டாள்.

சுவை அதிகாரி அவளை அழைத்தார். கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை.

“மார்ஜின் எதுக்கும்மா இருக்கு?”

“தெரியல சார்.”

“பஞ்ச் பண்ணி ஃபைல்ல கோக்க. அங்க போய் எழுதினா உங்க அபிப்பிராயத்துல ஓட்டை விழுமா இல்லையா?”

“சார், நிஜமாவே கசக்குது.”

“எதைவிடக் கசக்குது?”

போன வருடத்தைவிட என்று சொல்லலாம். ஆனால் போன வருடத்துத் தாய்மார் ஒருவரும் இல்லை.

அடுத்த இரண்டு மாதங்களிலும் அவள் ஓரத்தில் எழுதியதால், வாரியத்தின் செலவிலேயே பன்னிரண்டு நாள் நாக்கு நடுநிலைப் பயிற்சி முகாமுக்கு அனுப்பப்பட்டாள். அங்கே காலை முதல் மாலை வரை கிண்ணங்கள். ஒவ்வொன்றுக்கும் தன் விடையை எழுதிய பிறகு பெரும்பான்மையின் விடையைக் காட்டுவார்கள். தவறினால் மீண்டும் குடிக்க வேண்டும். பெரும்பான்மை சொன்னது தன் நாக்கிலும் தெரியும் வரை. சாப்பாட்டு மணிக்கு முன் எல்லோரும் எழுந்து, ‘என் நாக்கு எனதன்று, ஒன்பதில் ஒன்று’ என்று மூன்று முறை சொல்வார்கள்.

பயிற்சியாளர் அன்பானவர். “ருசின்னு ஒண்ணு உலகத்துல கிடையாதும்மா. சராசரின்னு ஒண்ணுதான் இருக்கு. உங்களுக்கு மட்டும் ஒண்ணு தெரியுதுன்னா, அது அங்க இல்லைன்னு அர்த்தம். மனசுதான் கசக்குது. வீட்டுல ஏதாவது பிரச்சினையா?”

எட்டாம் நாளில் அவளுக்குக் கசப்பு தெரியாமல் போயிற்று. இல்லை, இதைச் சரியாகச் சொல்ல வேண்டும். கசப்பு தெரிந்தது. ஆனால் தெரிந்த அடுத்த கணமே எட்டு முகங்கள் நினைவுக்கு வந்தன. வந்ததும் கசப்பு வெட்கப்பட்டு ஒதுங்கியது. பன்னிரண்டாம் நாள் ‘நடுநிலை நாக்கு, முதல் வகுப்பு’ என்னும் சான்றிதழ் கிடைத்தது.

தந்தை அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, மனைவியின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்.

“நாக்குக்கே சர்ட்டிபிகேட்டா! நான் தொண்டை கிழிய கத்தினேன், எனக்கு எவனாவது ஒரு காகிதம் குடுத்தானா?” என்று எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். “இனிமே இவ உப்பு கம்மின்னு சொன்னா அது அரசாங்க உத்தரவு.”

ஓராண்டு கழிந்தது. தாய் டப்பா பன்னிரண்டு முறை மாறியது. தந்தைக்கு வயிற்றில் அறுவைச் சிகிச்சை நடந்தது. இரண்டு மாதம் நீராகாரம்தான், சத்துப்பொடி கரைத்துக் கொடுங்கள் என்று மருத்துவர் எழுதினார். எந்தப் பொடி என்றும் எழுதினார். அதைப் படித்தபோது நாவரசிக்கு ஏற்பட்ட நிம்மதி இப்போது நினைத்தாலும் அவளுக்கு நடுக்கம் தருவது. பிறர் கையை நம்ப வேண்டியதில்லை. தான் கையெழுத்திட்ட டப்பா.

படுத்த படுக்கையாக இருந்தவர் கூப்பிடக் குரல் எழவில்லை. ஆகவே பழைய ஊதலைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டார். பேருந்து வழக்கமேதான்: ஒரு முறை ஊதினால் நிறுத்து, வா என்று பொருள், இரண்டு முறை ஊதினால் போகலாம். தினமும் காலையில் அவள் வாசற்கதவைச் சாத்தும்போது உள்ளேயிருந்து இரண்டு ஊதல் கேட்கும். அதைக் கேட்ட பிறகுதான் தெருவில் இறங்குவாள்.

பொடி கரைத்துக் கொடுத்த மூன்றாம் நாள், அவர் தம்ளரைப் பாதியில் நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்.

“அம்மாடி, இது கசக்குதும்மா.”

அவள் தம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தாள். நாக்கின் அடியில் ஏதோ எழுந்தது. உடனே எட்டு முகங்களும் எழுந்தன.

“கசக்கலப்பா.”

“லேசா சோப்பு மாதிரி...”

“மருந்து சாப்பிட்ட வாய்ப்பா உனக்கு. எல்லாமே அப்படித்தான் இருக்கும். நான் தினம் இதைத்தானே குடிக்கிறேன்?”

அவர் சற்று யோசித்தார். பிறகு சிரித்தார். “அதுவும் சரிதான். ஊருக்கே ருசி சொல்றவ. நீ சொன்னா சரி.” மீதியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, காலித் தம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார். “கடைசி ஸ்டாப்பு. வண்டி காலி.”

அதன் பிறகு அவர் கசப்பு என்ற சொல்லையே எடுக்கவில்லை. நாளுக்கு நான்கு தம்ளர், நாற்பத்தாறு நாள். ஒருமுறை அவளாகக் கேட்டபோது, “இப்ப பழகிடுச்சும்மா, நல்லாவே இருக்கு” என்றார். கால்கள் வீங்கின. முகம் வீங்கியது. சத்து ஏறுகிறது என்று இருவரும் நினைத்தார்கள்.

நாற்பத்தேழாம் நாள் காலையில் அவள் வாசற்கதவைச் சாத்தினாள். உள்ளே ஓர் ஊதல் கேட்டது. இரண்டாவதும் வரும் என்று தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றாள். வரவில்லை. அவள் உள்ளே ஓடினாள், வண்டி நின்றுவிட்டிருந்தது.

சிறுநீரகம் இரண்டும் பழுது என்று மருத்துவர் சொன்னார். காரணம் என்னவென்று கேட்டபோது, வயதுதான் என்று எழுதிக் கொடுத்தார்.

படுக்கையைச் சுருட்டும்போது தலையணை உறைக்குள் ஏதோ நறநறத்தது. பழைய பயணச் சீட்டுகளின் காகிதத்தில் ஒவ்வொன்றாகச் சுற்றிய சர்க்கரைக் கட்டிகள். எதிர்வீட்டுக்காரரிடம் அவர் வாங்கி வைத்துக்கொண்டதாம். “பொண்ணு ஆசையாக் கரைச்சுக் கொடுக்குது, கசக்குதுன்னு ரெண்டாந்தரம் சொன்னா மனசு ஒடிஞ்சுடும்னாரு. குடிச்சதும் ஒண்ணு வாயில போட்டுப்பாரு” என்று எதிர்வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பதினோரு கட்டிகள் மீதம் இருந்தன.

நாவரசி சமையலறைக்குப் போய், மீதியிருந்த பொடியில் ஒரு கரண்டி கரைத்து, பட்டப்பகல் வெளிச்சத்தில், சன்னலருகே நின்று குடித்தாள். சிவப்பு விளக்கு இல்லை. வேறு யாரும் இல்லை. எட்டிக்காயாகக் கசந்தது.

மூன்று நாள் துக்க விடுப்பு முடிந்ததும் அவள் வாரியத்துக்குப் போய் முறைப்படி புகார்ப் படிவம் வாங்கினாள். அதை நிரப்புவதற்கே ஒரு நாள் ஆயிற்று. உண்டவர் நம்பிக்கையுடன் உண்டாரா? ஆம் என்று எழுதினாள். கசப்பு எனக் கூறியவர் பயிற்சி பெற்ற நாக்குடையவரா? இல்லை. பயிற்சி பெற்ற நாக்குடையவர் எவரேனும் அப்பொருளைச் சுவைத்துக் கசப்பில்லை எனக் கூறியதுண்டா? உண்டெனில், பெயரும் உறவும்.

அந்தக் கேள்வியின் மேல் அவளுடைய பேனா நின்றுவிட்டது. கூடத்திலிருந்த எழுத்தர் எட்டிப் பார்த்தார். “என்னம்மா, தெரியலையா? இல்லைன்னா இல்லைன்னு போடுங்க.”

“இருக்காங்க” என்றாள். தன் பெயரை எழுதி, உறவு என்ற இடத்தில் மகள் என்று எழுதினாள்.

டப்பாவை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள் என அவள் வேண்டினாள். சுவைக்குழு வேறுபாடு கண்டால் மட்டுமே ஆய்வகம் என்பது விதி. ஆகவே, வீட்டிலிருந்து வந்த டப்பாவைத் தாய் டப்பாவோடு ஒப்பிட, வழக்கமான ஒன்பது பேரும் அமர்த்தப்பட்டார்கள். மூன்றாம் அறை அவளுடையது.

“சார், என் அப்பா கேசுக்கு நானே எப்படி சார்?”

“கிண்ணத்துல வெறும் நம்பர்தானேம்மா இருக்கு? எது உங்க அப்பா குடிச்சதுன்னு உங்களுக்கே தெரியாது. இதைவிட நடுநிலை வேணுமா?” என்ற சுவை அதிகாரி, அவள் முகத்தைக் கூர்ந்து நோக்கினார். “காலைல அழுதீங்களா?”

“இல்ல சார்.”

“நல்லது. அரை மணி நேரம் ஆகும், தெரியும்ல.”

சிவப்பு வெளிச்சத்தில் மூன்று கிண்ணங்கள் வந்தன. மூன்றில் ஒன்று அவருடைய கடைசித் தம்ளரின் மிச்சம். அவள் ஒவ்வொன்றையும், ஒரு சொட்டு விடாமல், மெல்லக் குடித்தாள். வேறுபாடே இல்லை. மூன்றும் ஒரே கசப்பு. கட்டத்தை வெறுமனே விட்டு, ஓரத்தில், பழையபடி, மூன்றும் கசக்கின்றன என்று எழுதினாள். கோப்பில் சேர்ப்பதற்காகத் துளையிட்டபோது ‘கசக்கின்றன’ என்பதில் பாதி போயிற்று. எண் எதுவும் குறிக்காத தாளை ‘வேறுபாடு இல்லை’ எனக் கொள்வது மரபு. ஒன்பதுக்கு ஒன்பது. புகாருக்குள்ளான டப்பா தரத்தோடு முற்றிலும் ஒத்திருக்கிறது என்று, புகார்தாரரின் கையெழுத்தையும் சான்றாகக் காட்டி, வாரியம் தீர்ப்பளித்தது.

அந்த ஒருமித்த முடிவு வாரியத் தலைவரின் உள்ளத்தைத் தொட்டது. நம்பிக்கை வாரம் நெருங்கிக்கொண்டிருந்தது. நகர மண்டபத்தில் பொது விவாதம்: தொழிற்சாலை உணவை நுகர்வோர் நம்பலாமா? முதல் அணியின் கட்சி, நம்பலாம். இரண்டாம் அணியின் கட்சி, நம்பாமல் வேறு வழியில்லை. இரு தரப்புக்கும் இடம் தர வேண்டும் என்பதில் தலைவர் கண்டிப்பானவர்.

நாவரசியை மேடையில் முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள். மேடையிலிருந்தோர் முன்னால் எல்லாம் மூடிய தண்ணீர்ப் புட்டிகள். சத்துப்பொடி டப்பாக்களை அழகுக்காகக் கோபுரம் போல அடுக்கியிருந்தார்கள்.

இரண்டாம் அணியில் பேசிய மருத்துவமனைச் செவிலியர் ஒருவர் மட்டும் காகிதம் பாராமல் பேசினார். “என் வார்டுல நாப்பது பேர். நாப்பது பேருக்கும் நான் அடுப்பு மூட்டிக் காய்ச்ச முடியுமா? டப்பாவைத்தான் திறக்கணும். மேல இருக்கிற முத்திரையைப் பாத்துத்தான் வாயில ஊத்தறேன். யாரோ ஒருத்தர் அங்க நிஜமா குடிச்சுப் பாத்திருப்பாங்கன்னு நெனச்சுத்தான் ஊத்தறேன். அவ்வளவுதாங்க நான் சொல்ல வந்தது.” அவர் நாவரசியைப் பார்க்கவில்லை, அவள் யாரென்றே அவருக்குத் தெரியாது. நாவரசி தலை குனிந்தாள்.

தலைவர் முடிவுரை வழங்கினார். “வீட்டுச் சாப்பாடு வீட்டுச் சாப்பாடுன்னு சொல்றாங்க. உங்க அம்மா சமையலை எந்தக் கமிட்டி பாத்துச்சு? யார் கையெழுத்து போட்டாங்க? கேட்டீங்களா? கேக்கலை! சாப்பிட்டீங்க. அந்த மாதிரி எங்களையும் கேக்காதீங்கன்னுதான் சொல்றோம். (கைதட்டல்.) மக்கள் எங்களை நம்பணும்னு நாங்க பேராசைப்படலை. மக்கள் அவங்கவங்க நாக்கு மேல வெச்சிருக்கிற நம்பிக்கையைக் கொஞ்சம் குறைச்சுக்கிட்டாப் போதும், மிச்சத்தை நாங்க பாத்துக்கிறோம். போன வருஷம் நம்பிக்கை எழுபத்தொரு சதவீதம். இந்த வருஷம் எழுபத்தி நாலு. உணவு அதேதான், நம்பிக்கை வளர்ந்திருக்கு. இதோ நம்ம சகோதரி. சொந்தத் தகப்பனுக்கு, சொந்தக் கையால, நம்ம பொடியைக் கடைசி நாள் வரைக்கும் கொடுத்தவங்க. இதைவிட நம்பிக்கைக்கு என்னங்க உதாரணம் வேணும்? ரெண்டு வார்த்தை பேசும்மா.”

அவள் எழுந்தாள். ஒலிவாங்கி உயரமாக இருந்தது, யாரோ தாழ்த்தினார்கள்.

“எங்க அப்பா கசக்குதுன்னு சொன்னாருங்க. நான் கசக்கலன்னு சொன்னேன். நீ சொன்னா சரின்னு குடிச்சாரு.”

மண்டபம் கைதட்டியது.

“இல்லீங்க. கசந்துச்சு. எனக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சும்...”

‘கைதட்டவும்’ என்ற பலகையை ஓர் ஊழியர் உயர்த்தினார். முன்னிலும் பலமாகத் தட்டினார்கள். ஒரு நினைவுப் பரிசும் அளித்தார்கள்: இரண்டு டப்பாக்கள்.

கடைசி வரிசையில் தட்டாமல் ஒருவர் உட்கார்ந்திருந்தார். தொழிற்சாலையின் ஃபிட்டர், விதியை மீறிய இரண்டாமவர். சுவைக்கூடத்துக்குள் எண்ணெய்க் கையோடு அவர் நுழையக் கூடாது. ஆகவே பதினோரு ஆண்டுகளாக இருவரும் பேசியதில்லை. படிக்கட்டில் அவளை நிறுத்தினார்.

“கசப்புன்னீங்களே, எப்படிம்மா இருக்கும்? எடுத்ததுமே கசக்குமா?”

“இல்லண்ணே. முதல்ல சோப்பு மாதிரி வழுக்கும். முழுங்கின பிறகு அடிநாக்குல நிக்கும்.”

ஃபிட்டர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். “எப்பலேருந்து?”

“ஒன்றரை வருஷத்துக்கு மேலயே இருக்கும்.”

“கலக்குற தொட்டிக்கு அடியில ஒரு ரப்பர் வளையம் இருக்கும்மா. தொட்டி கழுவுற மருந்து உள்ள இறங்காம தடுக்கிறது அதுதான். தேய்ஞ்சு போச்சு. புது வளையம் வாங்கி என் பெட்டியில வெச்சிருக்கேன். மாத்த அனுமதி கேட்டு மாசம் ஒண்ணா பத்தொன்பது லெட்டர் எழுதிட்டேன். பத்தொன்பதுக்கும் ஒரே பதில்.” அவர் மனப்பாடமாகச் சொன்னார்: “‘சுவைக்குழு வேறுபாடு காணாதவரை இயந்திரத்தில் மாற்றம் தேவையில்லை.’ நாக்கு வெச்சிருக்கிற ஒன்பது பேர் இருக்காங்க, அவங்களுக்கே தெரியலைன்னா நமக்கென்ன தெரியும்னு விட்டுட்டேன்மா. நான் உங்களை நம்பிட்டேன்.”

“நான் அவங்களை நம்பிட்டேண்ணே” என்றாள் நாவரசி.

மறுநாள் ஃபிட்டர் அனுமதியின்றி வளையத்தை மாற்றினார்.

அதற்கடுத்த நாள் சிவப்பு வெளிச்சத்தில் மூன்று கிண்ணங்கள் வந்தன. முதலாவது கசந்தது. மூன்றாவது கசந்தது. இரண்டாவதை வாயில் வைத்தாள். பால், தவிட்டின் மணம், முடிவில் ஒரு மெல்லிய இனிப்பு. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் குடித்த அதே ருசி. இதைத்தான் அவருக்குக் கொடுத்துக்கொண்டிருப்பதாக அவள் நினைத்திருந்தாள்.

தாள் கேட்டது: எது வேறு?

பதினோரு ஆண்டுகளில் முதல் தடவையாக, தெரிந்தே ஒரு பொய் எழுதினாள். ‘வேறுபாடு இல்லை’ என்னும் கட்டத்தில் அழுத்தமாக ஒரு கோடு.

வெளியே வந்தபோது எட்டாம் அறை அக்கா ஒரே உற்சாகமாக இருந்தாள். “ஏண்டி, இன்னிக்கு எனக்கே தெரிஞ்சுடுச்சுடி! அந்த நடுக் கிண்ணம் அவ்வளவு நல்லா இருந்துச்சு. டக்குனு வேறன்னு எழுதிட்டேன்.”

“நல்லா இருந்துச்சுன்னா ஏங்க்கா வேறன்னு எழுதினே?”

“நல்லா இருக்குன்னு எழுத எங்கடி எடம் இருக்கு?”

எட்டுப் பேர் வேறுபாடு கண்டிருந்தார்கள். தாயைப் போலப் பிள்ளை இல்லை. சுத்தமான தொகுதி முழுவதும் தோற்றது, குழியில் கொட்டப்பட்டது. நாவரசி அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். அடுத்த தொகுதிக்கு அக்காவும் பொய் எழுதினாள். அதற்கடுத்ததற்கு ஐந்தாம் அறையும். மூன்று பேர். ஆறு வேண்டும். மற்றவர்கள் நேர்மையானவர்கள். தொடர்ந்து ஏழு தொகுதிகள் தோற்றன.

வாரியம் அவசரமாகக் கூடியது. நுகர்வோர் பழகிய சுவையை மீட்டெடுக்க வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது. மாற்றம் எங்கே நேர்ந்தது என்று தேடினார்கள். அனுமதியின்றி மாற்றப்பட்ட வளையம் அகப்பட்டது. பழைய வளையம் குப்பைத் தொட்டியில் தேடி எடுக்கப்பட்டு, கழுவப்பட்டு, வாரியத் தலைவரின் முன்னிலையில் மீண்டும் பொருத்தப்பட்டது. எட்டாம் தொகுதி தேறியது.

ஃபிட்டர் பணிநீக்கம் செய்யப்பட்டார். அக்காவும் ஐந்தாம் அறையும் முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். சுவை அதிகாரி நாவரசியை மிகுந்த வருத்தத்தோடு அழைத்தார்.

“ஊருக்கே தெரிஞ்ச வித்தியாசம் உங்களுக்கு ஏழு தடவையும் தெரியலையேம்மா. நாக்கு மழுங்கிப் போச்சு. துக்கம் அப்படித்தான். நான் அப்பவே கேட்டேன், அழுதீங்களான்னு. நாளையிலேருந்து வர வேண்டாம்மா.”

அவள் வணங்கிவிட்டு வெளியே வந்தாள். தெருமுனையில் ஒரு பேருந்து நின்றிருந்தது. நடத்துநர் இரண்டு முறை ஊதினார், அது புறப்பட்டது. அவள் ஏறவில்லை.

சொல்ல வேண்டியவை முடிந்தன. தொலைந்தவற்றை மட்டும் குறித்துவிட்டு விடைபெற அனுமதிக்க வேண்டும்.

தந்தை, ஒருவர், வயது அறுபத்தேழு.

சுத்தமான பொடி, ஏழு தொகுதிகள்.

அனுமதி கோரிய கடிதங்கள், பத்தொன்பது. புது வளையம், ஒன்று.

தாய் டப்பாக்கள், நூற்று முப்பத்தெட்டு. முதல் தாயின் ருசியைச் சொல்லக்கூடியவள் ஒருத்தி இருக்கிறாள். அவளை இனி யாரும் கேட்கப்போவதில்லை.

நாக்கு, ஒன்று. இருக்கிறது; ஆயினும் அதற்குரியவள் இப்போது தண்ணீர் குடித்தாலும் பக்கத்திலிருப்பவரைப் பார்த்து, இது எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் விழுங்குகிறாள்.

அந்தச் செவிலியரின் நாற்பது படுக்கைகளில் எத்தனை என்பது தெரியவில்லை. அதற்கான படிவம் இல்லை.

ஊதல் தொலையவில்லை. சர்க்கரைக் கட்டிகள் பதினொன்றும் அப்படியே இருக்கின்றன.

‘நீ சொன்னா சரி’ என்று சொல்ல ஆள், ஒருவர். ஏற்கெனவே மேலே எழுதப்பட்டுள்ளார்.